கழுத்தில் ஒட்டாத ஷீட்

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானை அடுத்த காப்பாரில், பெண்ணுக்குப் பரிசம் போட்ட ஒரு வீட்டு வாசலில், என் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். ஒருவருக்குக் கேரண்டி கொடுத்தேன்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்கலாம். இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும் – நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. இளநீர் வாங்கினால் கண் முன்னால் வெட்டச் சொல்வேன். 'இன்றே கடைசி நாள்' என்று பேனர் கட்டிய கடைக்கு மறுநாள் போய், பேனர் இருக்கிறதா என்று பார்ப்பேன். யாராவது கேரண்டி என்று சொன்னால், கை தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொள்ளும்.

அப்படிப்பட்ட நான் கேரண்டி கொடுத்தேன் என்றால்... அதற்குக் காரணம் ஒரு துண்டு பிளாஸ்டிக். பிளாஸ்டிக் என்று சொன்னால் என் மனைவி புனிதாவுக்குக் கோபம் வரும். "சிலிகான் ஷீட்டுன்னு சொல்லுங்க" என்பாள். சரி, சிலிகான் ஷீட்.

சில மாதங்களுக்கு முன்பு புனிதாவின் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. தைராய்டு என்றார்கள். கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் இருந்த நிலையைப் பற்றி எழுத இப்போதும் தெம்பில்லை. கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னபோது, வழக்கம்போல "நல்லா பாத்தீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். புனிதா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

எதையும் நம்பாதவன் என்று சொன்னேன் அல்லவா? முழுக்க உண்மை இல்லை. முருகனை நம்புவேன். ஆபரேஷனுக்குப் போகிற அன்று காலையில் அவளுக்குத் திருநீறு பூசித்தான் அனுப்பினேன். நல்லபடியாகத் திரும்பி வந்தாள். அன்று முதல் தினமும் சாமி கும்பிட்டதும் எனக்குக் கொஞ்சம், அவளுக்குக் கொஞ்சம். புண் ஆறும்வரை நெற்றியோடு நிறுத்திக்கொண்டேன். ஆறிய பிறகு கழுத்திலும் பூசிவிடுவேன். அதற்கப்புறம்தான் எங்கள் வீட்டில் காப்பி.

கட்டி போய்விட்டது. தழும்பு தங்கிவிட்டது. கழுத்தின் அடிப்பகுதியில், குறுக்காக, ஒரு விரல் நீளத்துக்கு. முதலில் மெல்லிய கோடாகத்தான் இருந்தது. பிறகு தடிக்க ஆரம்பித்தது. சிவந்து, மேடாகி, அரிக்கவும் தொடங்கியது. நம் ஆட்களின் தோலில் தழும்பு இப்படித் தடிப்பது சகஜம் என்றார் டாக்டர்.

வேறு யாராவது என்றால் ஒரு ஷாலைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். புனிதாவின் வேலை அப்படிப்பட்டதில்லை. அவள் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். கிள்ளான் பக்கம் கல்யாணம் என்றால், விடிவதற்கு முன்பே மேக்கப் பெட்டியும் பூவும் பின்னூசி டப்பாவுமாகப் போய் நிற்பாள். மணப்பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். புனிதா எதிரே நின்று குனிந்து மை தீட்டுவாள். அவ்வளவு நேரமும் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நேரே இருப்பது எது? புனிதாவின் கழுத்து.

அதுவும் எந்த நாளில்? கழுத்தில் தாலி ஏறுகிற நாளில்! அன்றைக்கு ஒருத்தி கழுத்தில் வெட்டுத் தழும்போடு வந்து நின்றால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சிரித்துப் பேசி, சாப்பிட வைத்து, வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

"இத்தன வருஷம் இந்தக் கைய வச்சித்தான் நின்னேன். இப்ப கழுத்தால எல்லாம் போயிடுமா?" என்று ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று கேட்டாள். என்னையா கேட்டாள், கண்ணாடியையா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.

டாக்டரிடம் போனோம். அவர்தான் சிலிகான் ஷீட் என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் விட்டவர்.

"தழும்பு போயிடுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"போகாது. ஆனா கொஞ்சம் தட்டையாகலாம். நிறம் குறையலாம். அரிப்பும் அடங்கலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும்னு சொல்ல முடியாது."

ஆகலாம்... குறையலாம்... அடங்கலாம். காசு வாங்கிக்கொண்டு இப்படி ஒரு பதிலா? கேரண்டி கொடுக்கிறவனைச் சந்தேகப்படுவது எனக்குக் கைவந்த கலை. கேரண்டியே கொடுக்காத ஒருவரை என்ன செய்வது? கொஞ்சம் யோசித்தேன். அவரையும் சந்தேகப்பட்டேன்.

அங்கிருந்து நேரே பிரிக்ஃபீல்ட்ஸ். எனக்குப் பழக்கமான மருந்துக்கடை ஒன்று அங்கே இருக்கிறது. கண்ணாடி போட்ட, நெற்றியில் சின்னக் கீற்றாகச் சந்தனம் வைத்த ஒரு பெண்தான் ஃபார்மசிஸ்ட். என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் பெருமூச்சு விட்டதாகப் புனிதா பிறகு சொன்னாள். நான் கவனிக்கவில்லை.

பெட்டியைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே இருந்ததைப் பார்த்தால் கைப்பேசித் திரைக்கு ஒட்டுகிற பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. கொஞ்சம் தடிமன், கொஞ்சம் கொழகொழப்பு. அவ்வளவுதான்.

"இதுல என்னம்மா மருந்து இருக்கு?"

"மருந்து ஒன்னும் இல்ல அங்கிள். வெறும் சிலிகான்தான்."

"மருந்து இல்லாம எப்படி வேலை செய்யும்?"

"தோலு காஞ்சி போகாம மூடி வச்சிக்கும். அதுனாலதான் தழும்பு அடங்குதுன்னு நினைக்கிறாங்க."

"நினைக்கிறாங்களா? அப்ப யாருக்கும் சரியா தெரியாதா?"

"முழுசா தெரியாது அங்கிள். ஆனா ரொம்ப நாளா யூஸ் பண்றாங்க, நிறைய பேருக்கு ஹெல்ப் ஆயிருக்கு லா."

பாருங்கள் கூத்தை. மருந்தும் இல்லை, எப்படி வேலை செய்கிறது என்றும் தெரியாது. விலையைக் கேட்டதும் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தேன். புனிதா அதைவிட மெதுவாக அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் எப்படி உபயோகிப்பது என்று சொன்னாள். குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். கழற்றினால் லேசான சோப்புப் போட்டுக் கழுவி, காற்றில் உலர்த்தி, திரும்ப அதையே ஒட்டலாம். ஒட்டுகிற இடம் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். அடியில் எண்ணெய், க்ரீம், பவுடர் எதுவும் கூடாது. மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

"எங்க வீட்டுல யாரும் பவுடர் போடறதில்லம்மா" என்று சொல்லிவிட்டு, ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன். பிறகு தேவைப்படும் என்று எனக்குத் தெரியும்.

தேவைப்பட்டது. ஷீட் ஒட்டவில்லை!

முதல் இரண்டு நாள் எப்படியோ இருந்தது. பிறகு ஓரம் தூக்கியது. அப்புறம் மொத்தமாகவே வர ஆரம்பித்தது. ஒரு நாள் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தட்டின் ஓரத்தில் விழுந்தது. இன்னொரு நாள் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினோம். என் முழங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் முழங்கையில் ஒட்டத் தெரிகிறது, அவள் கழுத்தில் ஒட்டத் தெரியாதா? புனிதா ஒவ்வொரு முறையும் பொறுமையாக எடுத்துக் கழுவி, உலர்த்தி, மறுபடி ஒட்டிக்கொண்டாள். மேலே துணி பிளாஸ்டர் போட்டும் பார்த்தாள். அதைச் சுற்றி வேர்க்குருதான் வந்தது.

போலிச் சரக்கு. எனக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவனுக்குத் தன் சந்தேகத்தின் மேல் மட்டும் சந்தேகமே வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

இந்த நேரத்தில்தான் காப்பாரிலிருந்து ஒரு அம்மா போன் செய்ய ஆரம்பித்தார். ஜெயா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அது இல்லை. அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். ஆபரேஷனுக்கு முன்பே புனிதாவிடம் பேசி வைத்திருந்தார். பரிசத்துக்கும் புனிதா, கல்யாணத்துக்கும் புனிதா என்று பேச்சு. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கையில் மிச்சமிருந்த பெரிய வேலை அது ஒன்றுதான்.

போன் என்றால் சும்மா போன் இல்லை, வீடியோ கால். இரண்டு நாளைக்கு ஒரு முறை. "எப்படி இருக்கீங்க சிஸ்டர், சாப்பிட்டீங்களா?" என்று தொடங்கும். சேலை நிறம், பூ என்று ஒரு சுற்றுப் போகும். கடைசியில் எங்கே வந்து நிற்கும் தெரியுமா?

"கழுத்து இப்ப எப்படி இருக்கு சிஸ்டர்? கொஞ்சம் கேமராகிட்ட காட்டுங்களேன்."

புனிதா காட்டுவாள். அந்த அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்ப்பார். நமக்குத் தெரிவது அவருடைய நெற்றியும் மூக்கும் மட்டும்தான். நம் வயதுக்காரர்கள் போனை வேறு எப்படிப் பிடிக்கிறார்கள்! பார்த்துவிட்டு "இன்னும் செகப்பா இருக்கு ஹ்ம்..." என்பார்.

"கல்யாணத்துக்குத் தேதி உறுதி பண்ணிட்டீங்களாக்கா? நான் வேற யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்" என்று புனிதா கேட்டாள்.

"மொதல்ல பரிசம் முடியட்டும் சிஸ்டர். நீங்க அன்னிக்கு வாங்க, பாப்போம். கல்யாணத்த அப்புறம் பேசிக்கலாம்."

நான் சோபாவில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். புரியாமல் போகுமா? பரிசத்தன்று கழுத்தைப் பார்த்து முடிவு செய்யப் போகிறார். தழும்பு அடங்கியிருந்தால் கல்யாணத்துக்கு வா. இல்லாவிட்டால் போயிட்டு வா.

"அந்தம்மா ஒன்னைக் கழட்டி விடப் பாக்குது" என்றேன்.

புனிதா எழுந்து போனாள். ஷீட்டைக் கழுவி, குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் காயப் போட்டாள். அவளுக்கும் அதே பயம்தான் என்று அவள் முதுகைப் பார்த்தே தெரிந்தது. அந்தம்மா மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்!

நான் மட்டும்தான் சந்தேகப் பிராணி என்று நினைத்திருந்தேன். அதிலும் மண் விழுந்தது. ஒரு சனிக்கிழமை கிள்ளானில் பாசார் மாலாமுக்குப் போயிருந்தோம். இரவுச் சந்தை, சரியான கூட்டம். நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் கீரை விற்கிற ஆன்டி புனிதாவின் கழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி கழுத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"வீட்டுல ஏதாச்சும் பிரச்சனையாம்மா? பயப்படாம சொல்லு."

எனக்கு முருங்கைக்காய் கையிலிருந்து நழுவியது. புனிதா சிரித்துக்கொண்டே "ஆபரேஷன் ஆன்டி, தைராய்டு" என்றாள். ஆன்டி நம்பியதாகத் தெரியவில்லை. கீரையைக் கட்டிக் கொடுக்கும்போது கூட ஒரு கண் என் மேல்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புனிதா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு ஒருவர் நம்மை அப்படிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. தெரிந்தும் திருந்தினேனா என்றால், அதுதான் இல்லை.

மறுநாள் காலை, கழன்று விழுந்த ஷீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒட்டுகிற பக்கம் மங்கலாக, சாம்பல் படிந்த மாதிரி இருந்தது. விரலால் தேய்த்தேன். வெள்ளையாக ஏதோ வந்தது. ஆகா! சரக்கு உள்ளுக்குள்ளேயே உளுத்து உதிர்கிறது! இதைத்தான் என் மனைவியின் கழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள்!

தடயத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டேன். ரசீதை எடுத்துக்கொண்டேன். புனிதா குளித்துக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன்.

கடையில் நல்ல கூட்டம். எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. பத்துப் பேர் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"இங்க பாரும்மா, நீ வித்த சாமான. ஒட்டவும் மாட்டேங்குது, உள்ளேருந்து பவுடரு பவுடரா உதிருது. இத கழுத்துல ஒட்டுனா மனுஷனுக்கு என்ன ஆகும்?"

அந்தப் பெண் பதற்றப்படவில்லை. கையுறை போட்டுக்கொண்டு ஷீட்டை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவினாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தி, என் நெற்றியைப் பார்த்தாள்.

"அங்கிள்... இது வாசனையா இருக்கே."

"அதான் சொல்றேன், கெமிக்கல்!"

"கெமிக்கல் இல்ல அங்கிள். விபூதி வாசம்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே பூசியிருந்தேன், மூன்று பட்டையாக.

"ஆன்டி கழுத்துல விபூதி பூசுவாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

"...நான்தான் பூசிவிடறேன்."

"பூசுங்க அங்கிள், தப்பில்ல. ஆனா அதுக்கு மேல ஷீட்ட ஒட்டுனா எப்படி நிக்கும்? பவுடர் வேணாம்னு சொன்னேன்ல?"

சொன்னாள்தான். ஆனால் திருநீறைப் போய் யாராவது பவுடர் என்று நினைப்போமா? நீங்களே சொல்லுங்கள். பவுடர் என்பது டப்பாவில் வருவது, முகத்துக்குப் போடுவது. திருநீறு சாமி கொடுப்பது. இரண்டும் ஒன்று என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. இந்தத் தப்பை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க முடியாது.

புது ஷீட் ஒன்று வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்தேன். வீட்டுக்குத் திரும்புகிற வழியில்தான் ஒரு விஷயம் உறைத்தது. ஷீட்டைத் தினமும் கழுவுகிறவள் புனிதா. மேக்கப் வேலை பார்க்கிறவள். தோலில் எது ஒட்டும், எது ஒட்டாது என்று அவளுக்குத் தெரியாதா? அந்த வெள்ளைப் பொடி என்ன என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். "ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

புதுப் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"அப்ப ஏன் சொல்லல? நான் கடையில போயி மானத்த வாங்கிட்டு வந்திருக்கேன். தொடச்சிட்டு ஒட்டியிருக்கலாம்ல?"

"சாமி திருநீற எப்படிங்க தொடைக்கறது?"

அது சரியான பதில்தான். ஆனாலும் அது மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. சந்தேகப்படுகிறவனுக்கு எப்போதாவது ஒரு முறை சரியாகவும் தோன்றும். "அவ்ளோதானா?" என்றேன்.

துண்டைக் கொடியில் போட்டாள். பிறகு சொன்னாள்.

"ஆபரேஷன் முடிஞ்சதுலேருந்து எல்லாரும் இந்த எடத்த ஒரு மாதிரி பாக்கறாங்க. பாத்துட்டு மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கிறாங்க. எனக்கே கண்ணாடியில பாக்கப் புடிக்கல. நீங்க ஒருத்தர்தான் தெனமும் காலையில கூசாம தொட்டுப் பூசிவிடறீங்க. பூசாதீங்கன்னு எப்படிச் சொல்ல? ஷீட்டு விழுந்தா விழுந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்."

அந்த ஷீட் தயாரித்தவனை, விற்ற பெண்ணை, எழுதிக் கொடுத்த டாக்டரை, காப்பார் அம்மாவை... எல்லாரையும் துருவித் துருவிப் பார்த்தேன். பக்கத்திலேயே இருந்த புனிதா என்ன நினைக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தன் தொழிலே போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தவள், அதைவிடப் பெரிதாக என் விரலை நினைத்திருக்கிறாள்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் மாறியது. குளித்து, ஈரம் துடைத்து, முதலில் ஷீட். அதற்குப் பிறகு சாமி கும்பிட்டு, அந்த ஷீட்டுக்கு மேலேயே திருநீறு. மேல் பக்கத்தில் பசை இல்லை, ஒரு கெடுதலும் இல்லை. கடையில் போன் செய்து கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பிறகு இன்னொரு கடையிலும் கேட்டேன்.

ஷீட் ஒட்டியது. விழவே இல்லை.

பரிச நாள் வருவதற்குள் தழும்பு மறைந்து போயிற்றா என்று கேட்காதீர்கள். அந்த மாதிரிக் கதை நான் எழுதுவதில்லை. அரிப்பு அடங்கியிருந்தது. மேடு கொஞ்சம் தணிந்திருந்தது. சிவப்பும் கொஞ்சம் குறைந்தது போலத்தான் தெரிந்தது. ஷீட்டினாலா, நாளானதாலா, முருகனாலா? நாளானால் தழும்பு தானாகவே கொஞ்சம் அடங்கும் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. ஆனால் கோடு கோடுதான். பார்க்கிறவர்களுக்குத் தெரியத்தான் செய்யும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் புனிதா கிளம்பிய விதத்தைப் பார்த்து எனக்குப் பயமாகப் போய்விட்டது. கழுத்தை மூடுகிற ரவிக்கை ஒன்றைப் புதிதாகத் தைத்து வைத்திருந்தாள். அதைப் போடவில்லை. வழக்கமாகப் போடுகிற ரவிக்கைதான்.

"இன்னிக்கு மட்டும் மூடிக்கிட்டா என்ன?" என்றேன்.

"இன்னிக்கு மூடுனா கல்யாணத்தன்னிக்கும் மூடணும். அப்புறம் சாகற வரைக்கும் மூடணும். அவங்க வேணாம்னா வேணாம்னு சொல்லட்டுங்க" என்றாள்.

காப்பாரில் வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆட்கள் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். புனிதா உள்ளே போய்விட்டாள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, யார் யார் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன வேலை எனக்கு?

பெண்ணைக் கூடத்துக்கு அழைத்து வந்தபோது, பக்கத்திலேயே புனிதாவும் நடந்து வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். சில கண்கள் புனிதாவின் கழுத்துக்குப் போவதைப் பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள். ஆனால் முந்தானையை இழுத்து மூடவில்லை. பெண்ணின் தலையில் சரிந்த பூவைச் சரிசெய்துவிட்டு, நிமிர்ந்து நின்றாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஜெயா என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். இப்படி வாசப் பக்கம் வாங்களேன்."

வந்துவிட்டது என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு வேறு ஆள் பார்த்துவிட்டோம், சிஸ்டர் மனசு கஷ்டப்படக் கூடாது, நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்... இதுதானே? திருப்பிக் கொடுக்க நாலு வார்த்தையை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே நின்றார். யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு கழுத்தை மூடியிருந்த முந்தானையைக் கொஞ்சம் விலக்கினார்.

கழுத்தில் ஒரு கட்டி. புனிதாவுக்கு இருந்த அதே இடத்தில், நெல்லிக்காய் அளவுக்கு.

"எடுத்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணே. கல்யாணத்துக்கு முன்னாடியே எடுக்கணுமாம். வீட்டுல யாருகிட்டயும் சொல்லல. அதுனாலதான் கல்யாணத் தேதியையே உறுதி பண்ணாம இழுத்தடிக்கிறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "சிஸ்டர் கழுத்தப் பாத்துப் பாத்து, எனக்கும் இப்படித்தான் இருக்குமான்னு ராத்திரியெல்லாம் யோசிப்பேன். சம்மந்தி வீட்டு முன்னாடி வெட்டுக் காயத்தோட எப்படி நிக்கறதுன்னு ஒரே பயம். ஆனா இன்னிக்கி அவ்ளோ பேரு முன்னாடி சிஸ்டர் சாதாரணமா நின்னாங்க பாருங்க... எனக்கு அப்பத்தான் கொஞ்சம் தைரியம் வந்துச்சு."

நான் வைத்திருந்த நாலு வார்த்தையையும் விழுங்கினேன். அந்த வீடியோ கால்கள், மூக்குவரை மட்டும் தெரிந்த முகம், அந்த 'ஹ்ம்'... நான் படித்தது ஒவ்வொன்றும் தப்பு. அவர் பார்த்தது புனிதாவின் கழுத்தை இல்லை, தன்னுடையதை.

"கல்யாணத்துக்கு சிஸ்டர்தான் வரணும். எனக்கும் அவங்க கையாலதான் பூ வச்சி விடணும்" என்றார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துக் கேட்டார். "அண்ணே, எனக்கு நல்லாயிடுமாண்ணே?"

என்ன சொல்வது? 'ஆகலாம்' என்பதுதான் நியாயமான பதில். டாக்டர் ஏன் அப்படிப் பேசினார் என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவருக்கு வேறு வழியில்லை, தெரிந்ததைத்தான் அவர் சொல்ல முடியும். ஆனால் அந்த வாசலில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் 'லாம்' போட முடியவில்லை.

"நல்லாயிடும்மா. இன்னிக்கே வீட்டுல சொல்லுங்க, தள்ளிப் போடாதீங்க. நல்லாயிடும். கேரண்டி" என்றேன்.

கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. ரசீதும் இல்லை. அந்தச் சொல்லைச் சொன்ன என் வாயை நானே நம்பவில்லை. ஆனால் அவர் நம்பினார். அன்று மாலையே வீட்டில் சொல்லிவிட்டாராம். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. இதையெல்லாம் அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

கிளம்பும்போது சட்டைப் பையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். நாலடி நடந்தவன், நினைவு வந்து திரும்பி ஓடினேன்.

"அம்மா, பின்னாடி ஷீட்டு ஒட்டச் சொல்லுவாங்க. அப்ப மட்டும் திருநீற அதுக்கு மேல பூசுங்க... அடியில வேணாம்!"